ஆறு மணி முதல் ஏழு மணி வரை

அத்தியாயம் 14

இந்த வாரம்தான் நம்மோடு சேர்பவர்களுக்கு நான்கு வரி. தஸ்மியா உயரம் தாண்டுபவள். இருபத்து நான்கு வயது, இரண்டு முறை தேசியச் சாம்பியன். எழுபது நாளுக்கு முன் அவளுடைய வாப்பா ஹபீப் முகம்மது மாரடைப்பில் இறந்துபோனார். அப்போது அவள் பாட்டியாலா பயிற்சி முகாமில் இருந்தாள். விமானமும் ரயிலும் மாறி மேலப்பாளையம் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அதன் பிறகு முகாமுக்குத் திரும்பாமல், உம்மா ரைஹானத்தோடு வீட்டில் தங்கி, பாளையங்கோட்டை மைதானத்தில் பயிற்சி செய்துவருகிறாள். போன வாரம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் என்ன இருந்தது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் கதவைப் பார்ப்போம்.

செவ்வாய்க்கிழமை காலை. மணி ஆறு தாண்டிச் சில நிமிடங்கள் இருக்கும். அதிகாலைத் தொழுகையான சுபுஹை முடித்துவிட்டு, விரித்த பாயிலேயே உட்கார்ந்து ரைஹானத் ஓதிக்கொண்டிருந்தாள். தெருக்கதவில் மூன்று தட்டு விழுந்தது.

தம்பி ரசீத் தட்டுகிறவர் இல்லை. வாசலில் நின்றே "லாத்தா" என்று குரல் கொடுப்பார். பால்காரர் கம்பிக் கதவில் தொங்கும் பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இது வேறு யாரோ.

ரைஹானத் இத்தாவில் இருக்கிறாள். கணவர் இறந்த நாளிலிருந்து நான்கு மாதம் பத்து நாள் ஒரு பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் அது. தகப்பன், மகன், உடன்பிறந்தவன் போன்ற நெருங்கிய உறவைத் தவிர மற்ற ஆண்கள் முன் வரமாட்டாள். இந்த வீட்டில் அதைக் கொஞ்சம் கறாராகவே பார்ப்பார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் நேரங்கெட்ட நேரத்தில் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று அழைப்பு மணியைக்கூட ரசீத் கழற்றி வைத்துவிட்டார்.

அவள் எழுந்து கதவருகே போனாள். பக்கத்து ஜன்னல் பலகையில் விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு உண்டு. கண்ணை வைத்தாள்.

ஒரு பெண், ஓர் ஆண். இருவர் கழுத்திலும் நாடாவில் அட்டை தொங்கியது. பெண்ணின் காலடியில் சதுரமாக ஒரு பெரிய பை. தெருவோரம் வெள்ளைக் கார்.

"தஸ்மியா இருக்காங்களா?" என்றாள் அந்தப் பெண்.

ரைஹானத்தின் கை தாழ்ப்பாளைத் தொட்டது. தொட்டபடியே நின்றது. மறுபடியும் தட்டு. கை கீழே இறங்கியது.

மாடியில், பின்பக்க அறையில், காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு, காலில் ரப்பர் பட்டையைக் கோத்து இழுத்துக்கொண்டிருந்தாள் தஸ்மியா. கீழே கதவு தட்டப்படுவது அவளுக்குக் கேட்க வழியில்லை.

மூன்றாம் முறை தட்டினார்கள். சற்று நேரம் கழித்து நான்காம் முறை. ரைஹானத் மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. கார் கிளம்பிப் போன பிறகும் அங்கேயேதான் நின்றாள்.

ஏழு மணி தாண்டி, சட்டையில் சணல் தூசியோடு ரசீத் வேகமாக வந்தார். வழக்கமாக ஆறு மணிக்கெல்லாம் வந்து, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருகிறவர்.

"ஆரும் வந்தாங்களா லாத்தா?"

"இல்ல" என்றாள் ரைஹானத்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் சொல் வாயைவிட்டுப் போய்விட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார் ரசீத். "நான் கொஞ்சம் பிந்திட்டேன். புள்ளைக்கிட்ட சொல்லாத. வையும்."

*

எட்டு மணிக்குத் தஸ்மியா கீழே வந்தாள். நான்கு அவித்த முட்டை, இரண்டு இடியாப்பம். சுவரில் தொங்கிய நாள்காட்டியின் முன் நின்று விரல்விட்டு எண்ணினாள்.

"இன்னும் ஒம்பதே நாளு உம்மா. அதுக்குப் பொறவு நான் நிம்மதியா மூச்சு விடுவேன்."

"அப்படி என்னட்டீ அந்தக் கடுதாசியில இருக்கு? நீயும் உன் மாமனும் குசுகுசுன்னு பேசிக்கிடுதிய, எங்கிட்ட ஒண்ணும் சொல்லுததில்ல."

"உங்களுக்கு எதுக்கு இந்தக் கவலையும்னுதான் சொல்லல. சரி, இங்கன உக்காருங்க. சொல்லுதேன்."

அவள் முட்டையை உரித்தபடி சொன்னாள். பெரிய விளையாட்டு வீரர்கள் ஊக்கமருந்து சாப்பிடுகிறார்களா என்று சோதிக்க ஓர் அமைப்பு இருக்கிறது. போட்டியன்று மட்டும் சோதித்தால், மருந்து தின்பவன் அதற்கு முன்பே நிறுத்திவிட்டு வந்து நிற்பான். அதனால் சொல்லாமல் கொள்ளாமல், எந்த நாளிலும் வருவார்கள். வருகிறவர்களுக்கு ஆள் எங்கே இருப்பாள் என்று தெரிய வேண்டாமா? அதற்காக வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மணி நேரத்தை, ஓர் இடத்தை, நாமே முன்கூட்டிக் கைபேசிச் செயலியில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

"நான் குடுத்திருக்குறது இந்த வீடு. காலையில ஆறுல இருந்து ஏழு வரைக்கும்."

ரைஹானத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவங்க… எப்படி இருப்பாங்க?"

"எப்படின்னா? மனுசங்க மாதிரித்தான் இருப்பாங்க." தஸ்மியா சிரித்தாள். "ரெண்டு பேரு வருவாங்க. எனக்குன்னா ஒரு பொம்பளை கண்டிப்பா இருப்பா. கழுத்துல அட்டை தொங்கும்."

"பை?"

"ஆமா, பெரிய பை. உள்ள கண்ணாடி போத்தல், முத்திரை வைக்குற மூடி எல்லாம் இருக்கும். அந்தப் பொம்பளை முன்னாலதான் நான் சிறுநீர் புடிச்சுக் குடுக்கணும். மொதல்ல வெக்கமா இருந்துச்சு, இப்பப் பழகிட்டு. ஆமா, பை இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா கேட்டேன்."

"இதுவரைக்கும் ஹாஸ்டலுக்கும் முகாமுக்கும்தான் வந்திருக்காங்க. இந்த வீட்டுக்கு வந்ததில்ல. அதான் மாமாவ தெனமும் வாசல்ல காவலுக்கு வச்சிருக்கேன்."

"அவங்க வந்து தட்டி, ஆரும் தொறக்கலைன்னா?"

"ஒரு மணி நேரம் நிப்பாங்க. திரும்பத் திரும்பத் தட்டுவாங்க. போன் அடிக்கணும்னு கட்டாயம் கெடையாது. போயிருவாங்க. ஒரு தவறுதல்னு எழுதிருவாங்க."

அவள் பெயரில் ஏற்கெனவே இரண்டு தவறுதல்கள் இருந்தன. முதலாவது, சென்ற ஆண்டு முகாமிலிருந்து ஊருக்கு வந்தபோது செயலியில் முகவரி மாற்ற மறந்தது. இரண்டாவது, வாப்பா இறந்த செய்தி கேட்டுப் பாட்டியாலாவிலிருந்து அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பியது. அன்றைக்கென்று ஆறு மணிக்கு அவளுடைய அறைக் கதவை வந்து தட்டியிருக்கிறார்கள். விளக்கம் எழுதக் கொடுத்த தவணையில் அவள் அழுதுகொண்டிருந்தாள், எழுதவில்லை. அது உறுதியாகிவிட்டது என்றுதான் போன வாரக் கடிதம் சொன்னது.

பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று சேர்ந்தால் தடை. முதலாவது தவறுதலுக்கு இன்னும் ஒன்பது நாளில் வயது ஒன்று முடிகிறது. முடிந்தால் அது கழன்றுவிடும், கணக்கில் ஒன்றுதான் மிஞ்சும்.

"மூணாயிட்டுன்னா?" என்றாள் ரைஹானத்.

"ரெண்டு வருஷம் எந்த மைதானத்துலயும் தாண்டக் கூடாது. அடுத்த மாசம் ஆசியப் போட்டி போயிரும். ரயில்வே வேலைக்கு உத்தரவு வரப்போவுதுல்லா, அதுவும் போயிரும். எல்லாத்த விட…" தஸ்மியா முட்டையைக் கீழே வைத்தாள். "மருந்து தின்னவங்க பேரோட என் பேரும் பேப்பர்ல வரும் உம்மா. ஒரு மாத்திரை கூடத் தின்னாம. நான் மறைச்சேன், ஓடி ஒளிஞ்சேன்னு இந்தத் தெருவே பேசும். வாப்பா பேரையும் சேத்துத்தான் பேசும்."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று ரைஹானத்துக்குத் தோன்றியது. வாயைத் திறந்தாள்.

"நீங்க என்னத்துக்குப் பயப்படுதிய? மாமா இருக்காருல்லா" என்று தட்டைக் கழுவ எழுந்துபோனாள் மகள்.

*

உயரம் தாண்டுதலைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கு அது முழுக்க மேலே நடக்கும் வேலை போலத் தெரியும். உண்மையில் பாதிக்கு மேல் தரையிலேயே முடிந்துவிடுகிறது. தஸ்மியா பத்து அடி வைத்து ஓடுவாள். முதல் ஐந்து நேர்கோட்டில், அடுத்த ஐந்து வளைவில். சைக்கிளை வேகமாகத் திருப்பும்போது நாம் உள்பக்கம் சாய்வோம் அல்லவா, அதைப் போல வளைவில் அவள் உடல் சாய்ந்து வரும். கடைசி அடியில் இடது காலை ஊன்றியதும் அந்தச் சாய்வு நிமிரும். ஓட்டத்தின் வேகம் மேல்நோக்கித் திரும்பும். கூடவே உடல் சுழன்று, முதுகு கம்பியின் பக்கம் வந்துவிடும்.

பிறகு தலை, தோள், இடுப்பு, கால் என்று முறை வைத்துக் கம்பியைக் கடக்க வேண்டும். முழு ஆளும் ஒரே நேரத்தில் கம்பிக்கு மேலே இருப்பதே இல்லை. இடுப்பு மேலே இருக்கும்போது தலை அந்தப் பக்கம் இறங்கியிருக்கும், கால் இந்தப் பக்கம் தொங்கும். வில்லாக வளைந்த உடலின் எடை மையம் கம்பிக்குக் கீழேயே போகும், ஆள் மட்டும் மேலே போய்விடுவாள். இதைக் கணக்குப் போட்டு விளங்கிக்கொண்ட அன்று தஸ்மியா நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாளாம்.

இத்தனையும் நடக்கக் கடைசிக்கு முந்திய அடியில் இடுப்பு சற்றுத் தாழ வேண்டும். அங்கேதான் சிக்கல். பயந்த உடம்பு தாழாது. விறைத்துக்கொள்ளும்.

மாலை நாலரை மணிக்குப் பயிற்சியாளர் பரமசிவன் கம்பியை ஒரு மீட்டர் எழுபத்தைந்தில் வைத்தார். அவளுக்கு அது விளையாட்டு உயரம். சுண்ணாம்புக் கோட்டில் போய் நின்றாள். அப்போது அவருடைய கைபேசி அடித்தது. பேசிவிட்டு, முகம் மாறி, அவளைக் கையசைத்து நிறுத்தினார்.

"ஏ பிள்ள, காலையில உன் வீட்டுக்கு ஆரும் வந்தாங்களா?"

"இல்லையே சார். ஏன்?"

"ஹாஸ்டல்ல ஃபெமினாவுக்கு சோதனை எடுத்திருக்காங்க. காலையில எட்டரை மணிக்கு. இப்பத்தான் சொல்லுதா, மும்முறை தாண்டுதல் பிள்ள."

தஸ்மியா கோட்டைவிட்டு அவர் அருகே வந்தாள்.

"எட்டரைக்கு இங்க இருந்தவங்க ஆறு மணிக்கு எங்க இருந்தாங்க?" என்றார் பரமசிவன், தனக்குத்தானே கேட்பது போல. "சென்னையில இருந்து ஒருத்திக்காக மட்டுமா இம்புட்டுத் தூரம் வந்திருப்பாங்க?"

மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டைக்குக் காரில் கால் மணி நேரம்தான் என்று இருவருக்கும் தெரியும்.

"மாமா வாசல்லதான் சார் இருந்தாரு. வந்திருந்தா சொல்லியிருப்பாரு."

"அப்பச் சரி. ஓடு."

அவள் ஓடினாள். ஐந்து அடி நேராகப் போனாள். வளைவில் சாய்ந்தாள். இடுப்பு தாழவில்லை. கால் ஊன்ற வேண்டிய இடத்தில் ஊன்றாமல், நெஞ்சாலேயே கம்பியைத் தள்ளிக்கொண்டு மெத்தைமேல் விழுந்தாள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை கோட்டிலிருந்து கிளம்பவே இல்லை. ஓரமாகப் போய்க் கைபேசியை எடுத்தாள்.

"மாமா, காலையில வாசல்ல இருந்தியளா?"

ரசீத்தின் ஜவுளிக் கடையில் கூட்டம் இருந்தது. அன்று காலை ஐந்தேமுக்காலுக்கு சூரத்திலிருந்து சேலை மூட்டை ஏற்றிய லாரி வந்து நின்றது. இறக்க ஆள் வந்துவிட்டது, சரிபார்க்க முதலாளி வேண்டும். எழுபது நாளாக வராதவர்கள் இன்றைக்கா வரப்போகிறார்கள் என்று அவர் கடைக்குப் போய்விட்டார். செய்த தப்பு அவ்வளவுதான்.

"இருந்தேம்லா" என்றார்.

"முழு ஒரு மணி நேரமும்?"

"ஏட்டி, என்ன போலீஸ்காரி மாதிரி கேக்குத? இருந்தேன். ஒரு காக்கா குஞ்சும் வரல."

வைத்துவிட்டு, அளந்துகொண்டிருந்த துணியை மறுபடி முதலிலிருந்து அளந்தார். இது பொய்யே இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். லாத்தாவே யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நான் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

மைதானத்தில் பரமசிவன் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நல்லதாப் போச்சு. ஆனா ஒண்ணு செய்வோம். கடுதாசி வாரதுன்னா ரெண்டு வாரங்கூட ஆவும். அதுக்குள்ள இன்னைக்கு நடந்தது மறந்துரும். உங்க மாமாவ இன்னைக்கே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுவோம். ராத்திரித் தொழுகைக்கு முந்தி நானே வாரேன்."

*

மாலை ஏழு மணி. முன்னறையில் பரமசிவனும் ரசீத்தும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தஸ்மியா. உள்ளறை வாசலில் பச்சைத் திரை தொங்கியது. அதற்குப் பின்னால், வெள்ளைச் சேலையில், தரையில் உட்கார்ந்திருந்தாள் ரைஹானத். அங்கிருந்து அவளுக்கு எல்லாம் கேட்கும்.

"எழுதுங்க பாய். இன்ன தேதி, காலையில ஆறு மணி முதல் ஏழு மணி வரை நான் இந்த வீட்டு வாசல்லதான் இருந்தேன், ஆரும் வரலன்னு."

ரசீத் பேனாவைத் திறந்தார். தேதி எழுதினார்.

"ஒரு விசயம் மட்டும் கேட்டுக்கிடுங்க" என்றார் பரமசிவன். எதையும் முழுதாக விளக்காமல் விட அவருக்கு மனம் வராது. "நீங்க சொல்லுதது நெசம்னா இந்தத் தாளு நமக்குப் பெரிய பலம். ஒருவேளை அவங்க வந்திருந்தா, வந்த நேரம், எத்தன தடவ தட்டுனாங்க, எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பாங்க. கதவையும் படம் புடிச்சிருப்பாங்க, நேரத்தோட. அந்தப் படத்துல வாசல் இருக்கும். வாசல்ல நீங்க இருக்கணும்லா?"

பேனா நின்றது.

"இல்லாட்டி?"

"இல்லாட்டிப் பொய்யாதாரம் குடுத்ததா ஆயிரும். அதுக்குத் தனியா தண்டனை உண்டு. ரெண்டு வருஷம் நாலு வருஷமாக் கூட ஆவலாம். நாலு வருஷம்னா முடிஞ்சுது. இருபத்தெட்டு வயசுல வந்து முதல்ல இருந்து அடி எண்ணணும்."

ரசீத்தின் கண்கள் திரையை நோக்கிப் போயின. 'ஆரும் வரலன்னுதானே சொன்ன லாத்தா' என்று கேட்பது போல. திரை அசையவில்லை. மானம் போவதா, பொய்யா என்று ஒரு நொடி நிறுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார். 'நான் காலை ஆறு மணி முதல்…'

"ரசீத், எழுதாத."

திரைக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். எழுபது நாளில் ஒரு வெளி ஆள் காதில் விழ ரைஹானத் பேசிய முதல் வார்த்தை. பரமசிவன் சட்டென்று எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.

"அவங்க வந்தாங்க" என்றாள் ரைஹானத். "ஒரு பொம்பளை, ஒரு ஆளு. கழுத்துல அட்டை, பெரிய பை. நாலு தடவ தட்டுனாங்க. எம்புள்ள பேரச் சொல்லிக் கேட்டாங்க. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தேன்."

"லாத்தா!" ரசீத் எழுந்தே விட்டார். "வரலன்னியே! அத நம்பித்தானே நான்…" அதற்குமேல் மறைக்க அவரால் முடியவில்லை. "லாரி வந்துச்சு சார். நான் கடைக்குப் போயிட்டேன். இங்கன இல்ல."

தஸ்மியா யாரையும் பார்க்கவில்லை. "நாலு தடவையா?" என்றாள். "நான் மேல இருந்தேன் உம்மா. பதினெட்டுப் படி. ஒரு கூப்பாடு போட்டிருந்தா இறங்கி வந்திருப்பேன்."

அவள் திரையின் பக்கம் திரும்பினாள்.

"பொம்பளைதான நின்னா? அவட்ட பேசுததுக்கு என்ன? இத்தாவுல பதில் சொல்லக் கூடாதுன்னு ஆரு சொன்னா உங்களுக்கு?"

"இத்தாவுக்காக இல்லட்டீ."

"பொறவு?"

"போன தடவ உன்ன முகாமுக்குக் கூட்டிட்டுப் போக ஒருத்தி வந்தால்லா, அவ கழுத்துலயும் அட்டைதான் தொங்குச்சு. அதே மாதிரி வெள்ளக் காரு. உன் வாப்பா வாசல்ல நின்னு கையக் காட்டுனாரு. ஆறாம் நாளு மௌத்து. நீ வாரதுக்குள்ள மண்ணப் போட்டு மூடிட்டாங்க." ரைஹானத் மூச்சு வாங்கினாள். "இன்னைக்கும் உன்னக் கூட்டிட்டுப் போவத்தான் வந்திருக்காங்கன்னு நெனச்சேன். தொறந்தா நீ போயிருவ. இந்த வீட்டுல நான் ஒத்தையில கெடக்கணும். கையி தாழ்ப்பாள்ல இருக்கு, தொறக்க வரல."

"போகாதன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா!"

"சொன்னா நீ போவாம இருந்துருவியே. அந்தப் பயமும் இருந்துச்சு."

தஸ்மியா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். விரல்களுக்கிடையிலிருந்து குரல் வந்தது. "நல்லா இருக்கு. இனி எங்கயும் போக வேண்டாம். ரெண்டு வருஷம் இங்கனயே இருக்கலாம்."

பரமசிவன் சுவரைப் பார்த்தபடியே தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். பாய், நீங்களே கேளுங்க. அவங்க எத்தன மணிக்குப் போனாங்கன்னு."

"அது எதுக்கு சார் இப்ப?"

"இருக்கு. அவங்களுக்கும் விதி உண்டு. குடுத்த ஒரு மணி நேரமும் முழுசா நின்னிருக்கணும். ஏழு மணிக்கு முந்திக் கெளம்பியிருந்தா இந்தத் தவறுதல் செல்லாது. அவங்க பெரும்பாலும் சரியாத்தான் செய்வாங்க. ஆனா கேட்டுத்தான் ஆவணும்."

ரசீத் திரையருகே போய்க் குனிந்தார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் சின்ன அறை அது. "ஆறே முக்காலுன்னு சொல்லு லாத்தா. ஒத்த வார்த்த. உன்னத் தவிர ஆரும் பாக்கல."

காலையில் ரைஹானத் ஒரு சொல் சொன்னாள், அது இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இன்னொரு சொல் சொன்னால் எல்லாம் சரியாகிவிடுமாம்.

"எனக்கு மணி தெரியாது" என்றாள். "நான் கடியாரம் பாக்கல."

ரசீத் தலையில் கைவைத்தார்.

"ஆனா காரு கெளம்பையில பள்ளியில மௌத்து அறிவிப்புச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அலி அஸ்கர், தெற்குத் தெருன்னு பேரு சொன்னாங்க. இன்னா லில்லாஹின்னு நானும் சொன்னேன். எத்தன மணிக்கு அடக்கம்னு சொல்லுததுக்குள்ள காரு சத்தத்துல அது கேக்காமப் போச்சு."

பரமசிவன் சுவரிடமிருந்து பாதி திரும்பி, நினைவு வந்து மறுபடி சுவருக்கே திரும்பினார். "பள்ளிவாசல்ல அறிவிப்புக்கு நேரம் எழுதி வைப்பாங்களா பாய்?"

"பாங்கு சொல்லுத மோதினார்கிட்ட நோட்டு இருக்கு சார். பேரு, தெரு, நேரம் எல்லாம் எழுதுவாரு." சொல்லும்போதே ரசீத் வாசலில் இருந்தார். "ஆறரைக்காவும் இருக்கலாம். ஏழு தாண்டியும் இருக்கலாம். யா அல்லாஹ்." செருப்பைத் தேடாமலே தெருவில் இறங்கிவிட்டார்.

பள்ளிவாசலுக்கு நடந்து போய்த் திரும்ப ஏழெட்டு நிமிடம் ஆகும்.

தஸ்மியா எழுந்து திரையை விலக்கி உள்ளே போனாள். உம்மாவின் பக்கத்தில் உட்காரவில்லை. எதிரே, சுவரில் சாய்ந்து, தன் நீண்ட கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ரைஹானத்துக்கு மகளின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. முழங்காலைப் பார்த்தாள்.

"நோட்டுல என்ன நேரம் இருந்தாலும் சரி உம்மா" என்றாள் மகள். "நாளைக்கும் ஆறு மணி வரும். அவங்க நாளைக்கும் வரலாம்."

"நான் தொறக்குதேன். சத்தியமாத் தொறக்குதேன். ஆரு தட்டினாலும் மொதத் தட்டுக்கே உன்னக் கூப்புடுதேன்."

"என்னக் கூட்டிட்டுப் போக வந்தவங்களா இருந்தா?"

ரைஹானத் வாயைத் திறந்தாள். தெருவில் வெறுங்காலோடு யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.